ஈறு வலிப்பது ஏன்?

மாமல்லபுரத்துக் கற்கோயில்களைக் காணச் சுற்றுலா செல்லும் மாணவர்களில் சிலர்தான் தெற்கே கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் வரை போகிறார்கள். அங்கே கடலோரம் டச்சு வணிகர்களின் கோட்டை இருக்கிறது. அவர்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் இங்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். வழியெல்லாம் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே உணவு. பழம், காய் கிடையாது. இரண்டு மூன்று மாதங்களில் மாலுமிகளின் ஈறு பஞ்சுபோல் வீங்கி இரத்தம் கசியும், பற்கள் ஆடும். இந்நோயின் பெயர் ஸ்கர்வி. ஈறையும் பல்லையும் இறுகப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் சரிவர உருவாக வைட்டமின் சி வேண்டும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர்.

அப்படியானால் ஈறு வலிக்கு நெல்லிக்காய் தின்றால் போதுமா? போதாது. இன்று நம்மிடையே ஸ்கர்வி அரிது. ஈறு நோய்க்குப் பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் பாக்டீரியாப் படலமே. நகத்தால் சுரண்டினால் வெண்மையாக வருகிறதே, அதுதான். நாளடைவில் அது இறுகிப் பற்காரை ஆகும்.

1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவர் 12 பேரைப் (இங்கும் 12!) பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் ஒரு வாரம் போலச் சரியாயிற்று.

பின்னர் 1970இல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் இல்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களை அவரது குழு பரிசோதிக்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதவீதத்தினருக்கு நிதானமாகப் பரவியது. 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வேகமாகப் பரவியவர்கள் 45 வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களையும் இழந்தார்கள். அவர்களை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. துலக்கும்போது இரத்தம் கசியும், அவ்வளவே. பலர் பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுவார்கள். அங்கே படலம் இன்னும் சேரும். புகை பிடிப்பவர்களுக்கு இந்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும்.

வலி வந்தால் வேறு காரணங்களும் உண்டு. ஈறில் மீன் முள் சிக்கியிருக்கலாம். 12 வயதையொட்டிக் கடைவாய்ப்பல் முளைக்கலாம். அண்ணன், அக்காமார்களுக்கு ஞானப்பல் பாதி முளைத்து, அதன் மேல் தோலடியில் சோறு தங்கிச் சீழ் பிடிக்கலாம். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது, ஈறு வெந்துவிடும்.

நன்றாகத் துலக்கியும் இரண்டு வாரங்களுக்கு மேல் இரத்தம் கசிந்தாலும், நிலைப்பல் ஆடினாலும், ஈறில் கொப்புளமோ சீழோ கண்டாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கன்னமோ தாடையின் அடிப்பக்கமோ வீங்கி, காய்ச்சலடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால் மறுநாள் பார்க்கலாம் என்றிருக்காமல், இரவானாலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே சென்றுவிட வேண்டும். கழுத்துக்குள் பரவும் சீழ் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.