உலகை வென்ற குரல்

மேல்நாட்டு ராக் இசையில் புகழ்பெற்ற ஃப்ரெடி மெர்க்குரி ஓர் இந்தியப் பார்சிக் குடும்பத்துப் பிள்ளை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946-இல் ஆப்பிரிக்காவை அடுத்த சான்சிபார் தீவில் பிறந்தார். மகாராஷ்டிரத்து மலையூரான பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் பயின்றபோது பியானோ கற்றார். பள்ளித் தோழர்களுடன் இசைக்குழுவும் அமைத்தார்.

சான்சிபார் புரட்சியால் 1964-இல் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. 1970-இல் 'குயின்' குழு உருவாயிற்று. அவர் இயற்றிய 'பொஹீமியன் ராப்சொடி' 1975-இல் வெளியாகி, பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

அரங்கம் அதிரப் பாடிய அவர், தாம் ஓர் ஆணுடன் வாழ்ந்ததை உலகறியச் சொல்லவில்லை. சொன்னால் ஏளனமே மிஞ்சும் காலம் அது. எய்ட்ஸ் நோய் தமக்கிருப்பதை 1991 நவம்பர் 23 அன்றுதான் அறிவித்தார், மறுநாளே மறைந்தார். வயது 45.

1998-இல் 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் முன்னாள் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கூறினார். 2003-இல் அதே குழுவில் மீண்டும் பாடகரானார்.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வழிவிட்டது. நண்பர்களே, நம் வகுப்பிலும் சொல்லத் தயங்கும் ஒருவர் இருக்கலாம். கேலிப்பேச்சை விடுத்து, அவருக்குத் தோழமை தருவோமாக!