இளைப்போடு வளரும் பிள்ளைகள்

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால், அதாவது ஓயாத உள்வீக்கத்தால், எளிதில் சீண்டப்படும் நிலையை அடைந்து, புகையோ தூசியோ சளிக்காய்ச்சலோ தாக்கியதும் சுற்றியுள்ள தசை இறுகிக் காற்றுவழி சுருங்கிவிடுவதே ஆஸ்துமா ஆகும். இளைப்பு, வீசிங் என்று மக்கள் வழங்கும் இந்நோய் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26.2 கோடிப் பேருக்கு இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான திருப்புலி நாடு போன்ற மலைப்பகுதியில் நகரத்து வாகனப் புகை குறைவு. ஆயினும் மார்கழி விடியலின் குளிரும், காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் எரியும் விறகடுப்பின் புகையும், அடுப்படியில் தாயை ஒட்டியே இருக்கும் குழந்தையின் மூச்சைத் தாக்கவல்லவை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடைய வேண்டிய மலையில், நள்ளிரவில் இழுப்பு கண்ட பிள்ளையைச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது எளிதன்று என்பதால், நோய் முற்றாமல் காக்கும் அறிவும் மருந்தும் வீட்டிலேயே இருந்தாக வேண்டும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளை மூச்சுத்திணறலை மட்டும் தாங்குவதில்லை. இரவு இருமலால் உறக்கம் கெட்டு, வகுப்பில் சோர்ந்து, ஓடினால் இளைக்குமென்று விளையாட்டிலிருந்து தானாகவே ஒதுங்கி, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று, மருந்தை மூச்சோடு உள்ளிழுக்க உதவும் கருவியான இன்ஹேலரைப் பைக்குள் மறைக்கிறது. இந்த மறைப்புத்தான் நோயைவிடக் கேடானது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் பெற்றோரிடம் ஆழமாக இருப்பினும் அதற்கு அடிப்படை இல்லை. சால்புட்டமால் போன்ற நிவாரண மருந்து இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. புடசோனைடு போன்ற தடுப்பு மருந்தோ உள்வீக்கத்தையே குறைப்பதால், இளைப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் சொன்னபடி தொடரப்பட வேண்டும். பலர் முன்னதை மட்டும் நம்பிப் பின்னதைக் கைவிடுவதே மீண்டும் மீண்டும் இழுப்பு வருவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் நுரையீரலைச் சேர, இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் கூடான ஸ்பேசர் சிறாருக்குத் தேவை. விலைக்கு வாங்க இயலாத இடங்களுக்கு, 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் துளையிட்டு முறையாகச் செய்த ஸ்பேசரும் ஏறத்தாழ அதே பயனைத் தருவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் ஆய்வில் காட்டினர். மலைவாழ் மக்களுக்கு இதைவிட உகந்த செய்தி அரிது.

நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை மற்றவர்களைப் போலவே ஓடலாம், ஆடலாம். ஆகவே ஆசிரியர்கள் அப்பிள்ளையை ஓரமாக உட்கார வைக்காமல், இன்ஹேலரை எல்லோர் முன்னும் கூச்சமின்றி எடுக்க இடம் தர வேண்டும். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நிவாரண மருந்தைக் கொடுத்தபடியே உடனே 108ஐ அழைக்க வேண்டும்.