தங்கவயலில் ஓர் எரிமலை!

எரிமலை நெருப்பைக் கக்கும் படத்தைப் பார்த்ததும், "நாமும் போய்ப் பார்க்கலாமா?" என்று குழந்தைகள் கேட்பது வழக்கம்.

ஹவாய்த் தீவில் எரிமலையைச் சுற்றித் தேசியப் பூங்காவே அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுடன் போகலாம். ஆனால் கந்தகப் புகை அதிகமானால் சில பாதைகளை அடைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கும் ஆஸ்துமாகாரர்களுக்கும் அந்தப் புகை ஆகாது.

இந்தியாவில் நெருப்பு கக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவுதான். 1787-ல் அது பொங்கியதைக் கப்பலில் சென்றவர்கள் கண்டு எழுதினார்கள். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-ல் மீண்டும் பொங்கியது. மனிதர் வசிக்காத அந்தத் தீவைக் கப்பலில் இருந்தபடிதான் பார்க்க முடியும்.

பக்கத்திலேயே உண்டு

பெங்களூர்க் குழந்தைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாரிக்குப்பம் ரயிலில் ஏறினால் போதும். சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள கோலார் தங்கவயலே பழைய எரிமலைப் பூமிதான்!

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடலுக்கடியில் எரிமலைக் குழம்பு பொங்கியது. அது இறுகி உருமாறிய பாறையின் வெடிப்புகளில்தான் பிற்காலத்தில் தங்கம் படிந்தது.

எரிமலை வீசியெறிந்த துண்டுகள் ஒன்றாக இறுகிய பாறை பெத்தபள்ளியில் இருக்கிறது. அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். குழந்தைகள் கையால் தொட்டுப் பார்க்கலாம். உடைத்து எடுத்து வரக்கூடாது.

தமிழர் உழைப்பு

1880-ம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுத்தது. பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்து வந்த தமிழர்கள்.

சாம்பியன் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. அங்கே பாறையைத் தொட்டால் சுடும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பி வேலை நடந்தது. எரிமலையைப் பொங்க வைக்கும் பூமியின் உள்வெப்பத்தை அந்தத் தொழிலாளர்கள் அன்றாடம் உடம்பால் உணர்ந்தார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது.

கவனம் தேவை

மூடிய சுரங்க வாய்களின் அருகே குழந்தைகளை விடக்கூடாது. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மேடுகளில் சயனைடு கலந்திருக்கிறது. அவற்றில் ஏறி விளையாட விடவே கூடாது. காற்றடிக்கும் நாளில் தூசி பறக்கும்.

சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பாறையின் சூட்டைப் பேரக் குழந்தைகளுக்கு அவரைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?