மைத்துனர் வாங்கிய மோட்டார்

உறவினர்களுக்கு யோசனை சொல்வது பொதுவாகவே ஆபத்தான காரியம். கல்யாண விஷயத்தில் யோசனை சொன்னவர்களாவது, பின்னால் சச்சரவு வந்தால், "எல்லாம் ஜாதகப் பொருத்தம்!" என்று கிரகங்களின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவலாம். மோட்டார் வாங்குவதற்கு யோசனை சொன்னவனுக்கு அந்த வழியும் கிடையாது. வண்டி நடுரஸ்தாவில் நிற்கும் ஒவ்வொரு சமயமும் அவனுடைய திருநாமம் அங்கே உச்சரிக்கப்படும்.

இது தெரிந்திருந்தும், சென்ற ஆடி மாதத்தில் இரண்டாந் தடவையாக நாம் அந்தக் காரியத்தில் இறங்கினோம். காரணம் நம் மாமியார். கும்பகோணத்தில் மைத்துனருடன் வசிக்கும் அந்த அம்மாளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டயாலிஸிஸ் செய்து கொள்ள ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து மூன்று கிலோ மீட்டர். அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டு, தலை சுற்றலுடன் வெளியே வருகிற எழுபது வயது அம்மாளை ஆட்டோவில் குலுக்கிக் கொண்டு வருவதைப் பார்க்க மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. சீட்டுப் பணம் மூன்று லட்சம், கையிருப்பு ஒன்றரை லட்சம், மனைவியின் வளையல்களை அடகு வைத்தால் ஒரு லட்சம், ஆக ஐந்தரை லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டு, "அத்தான், நீங்கள் வந்து ஒரு வண்டி பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்று டெலிபோன் செய்தார்.

நமக்கு உடனே விராலிமலை ஞாபகம் வந்தது.

2014-ஆம் வருஷம் நம் சித்தப்பாவுக்கு ஒரு பழைய மோட்டாரைச் சிபாரிசு செய்தவர்கள் நாமேதான். அதன் சிவப்பு வர்ணம் முகம் பார்க்கும் கண்ணாடி போலிருந்தது. ஆசனங்களுக்குப் புது உறை. வேறு என்ன பார்த்தோம் என்று இன்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த மே மாதத்தில் குடும்பத்துடன் திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். விராலிமலையைத் தாண்டியதும் வண்டியின் முன் பலகையிலுள்ள ஒரு முள் மெல்ல மேலே ஏறிற்று. "தம்பி, இது என்ன முள்?" என்று சித்தப்பா கேட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவர்கள். நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறவர்கள். "வெயில் காலமல்லவா? மதுரையில் காட்டிக் கொள்ளலாம்" என்று பதில் சொன்னோம். ஆறு கிலோ மீட்டர் போனதும் வெள்ளைப் புகை கிளம்பிற்று, வண்டி நின்றது. பழுது பார்க்க ஆன செலவு, வண்டி வாங்கிய விலையில் சரி பாதி. சித்தப்பா அன்று முதல் இன்று வரை நம்மை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆகையால் இந்தத் தடவை தனியாகப் போகவில்லை. நம்மிடம் படித்து, பௌதிகத்தில் இரண்டு தரம் தேறாமல் போய், இப்போது திருச்சியில் கைராசியுள்ள மெக்கானிக்காக விளங்கும் பழைய மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்தோம். "ஸார் நமக்குப் பாடம் சொன்னார், நாம் ஸாருக்குச் சொல்ல வேண்டாமா?" என்று அவர் உற்சாகமாகப் புறப்பட்டார். பஸ்ஸிலேயே பாடம் தொடங்கிவிட்டது.

எஞ்சின் என்பது வேறொன்றுமில்லை; அடுப்பும் உலக்கையும் சேர்ந்த ஒரு யந்திரம். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுப்பது, அழுத்துவது, கொளுத்துவது, புகையை வெளியே தள்ளுவது ஆகிய நாலு காரியத்தையும் சிலிண்டருக்குள் பிஸ்டன் மாற்றி மாற்றிச் செய்கிறது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ ஓடச் செய்து காட்டிய அதே முறைதான். நாலு சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, விநாடிக்கு நூறு வெடிகள் நடக்கின்றன. தீபாவளியன்று கூட நம் தெருவில் அவ்வளவு கிடையாது! அந்த வெடிகளில் பிறக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. பெரும்பகுதி வெறும் உஷ்ணமாகவே போகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்ற ரேடியேட்டர் நீர். உலோகமும் உலோகமும் உராய்ந்து தேயாமலிருக்க எண்ணெய். எஞ்சினுடைய ஆயுள் இந்த இரண்டு திரவங்களிலும் இருக்கிறது. வர்ணத்தில் இல்லை.

கும்பகோணம் போய்ச் சேர்ந்ததும் மைத்துனர் தாம் ஏற்கனவே தீர்மானித்திருந்த வண்டியைக் காட்டினார். 2021-இல் செய்த டீஸல் வண்டி. விலை அவருடைய கணக்குப்படியே ஐந்தரை லட்சம். "டீஸல் விலை குறைவு, லிட்டருக்கு அதிக தூரம் ஓடும், என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

மெக்கானிக் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஸார் ஓட்டுவீர்கள்?"

"ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று, வர மூன்று. வாரத்துக்குப் பதினெட்டு கிலோ மீட்டர்."

"அப்படியானால் இந்த வண்டியை நீங்கள் தொடவே கூடாது."

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகக் கடுமையாக அழுத்தும்போது உண்டாகிற சூட்டிலேயே எண்ணெய் தானாகப் பற்றிக் கொள்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும்; கனமான பாத்திரம் சூடேற நேரமாகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்டாலே தெரியும். இன்னொரு சங்கதியும் உண்டு. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலான பி.எஸ். 6 விதிகளின்படி, டீஸல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடி, புகை நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். மூன்று கிலோ மீட்டர் போய் நின்றுவிடுகிற வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். முன் பலகையில் விளக்கு எரியும். கடைசியில் வடிகட்டி அடைத்துக் கொள்ளும். அதை மாற்றுகிற செலவைக் கேட்டதும் மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தினந்தோறும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போகிறவருக்கு அதே டீஸல் வண்டி அருமையான வண்டியாக இருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

பெட்ரோல் வண்டி என்று முடிவாயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தரகருடைய கொட்டகைக்குப் போனோம். 2018-ஆம் வருஷத்து வண்டி, பளபளவென்று நின்றது. நம் மனம் பழைய சிவப்பு வண்டியை நினைத்துச் சற்றுக் குலுங்கியது. "ஸார், பானெட் மேல் கை வையுங்கள்" என்றார் மெக்கானிக். வைத்தோம். வெதுவெதுப்பாக இருந்தது. நாம் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள்! எஞ்சினுடைய வியாதிகளெல்லாம் ஆறியிருக்கையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் வெளியே தெரியும்: கிளம்பச் சிரமப்படுதல், கடகடவென்ற சத்தம், புகை. நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது. கறுப்பானால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்மையாக வந்து மறைந்தால் பயமில்லை, அது நீராவி. மறையாமல் வந்துகொண்டே இருந்தால் குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று அர்த்தம்.

பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் அடியில் கெட்டியாக ஒரு பசை. நிறம், கும்பகோணம் டிகிரி காப்பியின் நிறமேதான். எண்ணெயும் நீரும் கலந்தால் அப்படியாகும். வண்டி சொற்ப தூரமே ஓடுவதாலும் மூடியில் லேசாகப் படிவதுண்டு. ஆனால் உள்ளேயிருக்கும் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் அதிலும் அதே காப்பி! தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் வைத்திருக்கும் 'காஸ்கெட்' என்னும் தகடு போய்விட்டது. விராலிமலையில் சித்தப்பாவின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. நீர் குறைந்து சூடு மீறியதும், அலுமினியத் தலைப்பகுதி கோணிக் கொள்கிறது; தகடு விட்டுப் போகிறது; நீர் எங்கே போகக் கூடாதோ அங்கே போகிறது. முள் ஏறிய உடனே ஓரமாக நிறுத்தியிருந்தால் ஒரு ரப்பர் குழாயின் விலையோடு போயிருக்கும். ஆறு கிலோ மீட்டர்தான் கெடுத்தது.

அப்படி முள் ஏறினால், அல்லது முள் இல்லாத வண்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஏ.ஸி.யை அணைத்துவிட்டு, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஓரங்கட்ட இடமில்லாத இடத்தில் ஹீட்டரை முழுதும் திறந்தால், எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடும். நாம் வேர்த்துக் கொட்டினாலும் எஞ்சின் பிழைக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்தவுடன் அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். இது நாம் கரும்பலகையில் எழுதுகிற பாடம் என்பதை அந்த மாணவர் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

மூன்றாவது வண்டி, ஓய்வு பெற்ற ஒரு தபால் உத்தியோகஸ்தருடையது. 2017-இல் வாங்கியது, வர்ணம் மங்கி, இடது கதவில் நீளமாக ஒரு கீறல். மைத்துனர் முகத்தைச் சுளித்தார். ஆனால் பானெட் சில்லென்று இருந்தது. எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பிற்று. எண்ணெய், காப்பி நிறமாக இல்லாமல் எண்ணெய் நிறமாகவே இருந்தது. பெரியவர் ஒரு மஞ்சள் துணிப் பையைக் கொண்டு வந்து வைத்தார். எட்டு வருஷத்துப் பழுது பார்த்த ரசீதுகள் தேதிவாரியாக அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் அன்றைக்கு ஓடியிருந்த தூரமும் எழுதியிருந்தபடியால், மீட்டரைத் திருப்பி வைத்த மோசடி இல்லை என்பது ருசுவாயிற்று. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். அதையும் பார்த்துக் கொண்டோம். வால்வுகளை ஓட்டுவது பெல்ட்டா, சங்கிலியா என்று மெக்கானிக் விசாரித்தார். சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் போய் மோதும். ஆகையால் குறித்த கெடுவில் மாற்றியிருக்க வேண்டும். இந்த வண்டியில் சங்கிலி.

விலை மூன்றே முக்கால் லட்சம் என்று படிந்தது. பதிவுப் புத்தகத்தில் வங்கியின் கடன் பற்று இருந்தது. கடன் தீர்ந்து நாலு வருஷமாகியும் பெரியவர் அதை நீக்காமல் விட்டிருந்தார். வங்கியின் சம்மதத்தோடு 35-ஆம் நம்பர் படிவம் கொடுத்து அதை நீக்கிய பிறகே, 29, 30 படிவங்களில் கையெழுத்து மாறியது. பதினைந்து வருஷப் பதிவு 2032 வரையில் செல்லும். அப்புறம் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். வளையல்கள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அதைக் கேட்டு மைத்துனர் மனைவி முகத்தில் தோன்றிய நிம்மதியைப் பார்க்கவே நாம் திருச்சியிலிருந்து வந்திருக்கலாம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மைத்துனர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். "அத்தான், பத்தாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் வருஷத்துக்கு ஓடப் போவது தொள்ளாயிரத்துச் சொச்சம். ஆகவே பத்து வருஷத்துக்கு எண்ணெய்ச் செலவே இல்லை!" என்றார். அவர் கூட்டுறவு வங்கியில் கணக்கர், கணக்கு சரிதான். ஆனால் அதே வரியில் "அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது" என்று இருப்பதை அவர் பார்க்கவில்லை. சொற்ப தூரம் ஓடும் வண்டிக்கு அந்த இரண்டாவது வாக்கியமே முக்கியம். பெட்ரோல் எரிவதில் நீரும் உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால், அந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடும். முன் பலகையில் நீல விளக்கு அணைந்ததும் குளிர்நீர் சூடாகிவிட்டது என்று தெரியும். எண்ணெய் சூடாக அதற்குமேலும் நேரமாகும். பாட்டரியும் அப்படியே: கிளப்பும்போது செலவான மின்சாரத்தை மூன்று கிலோ மீட்டரில் திரும்பச் சேர்க்க முடியாது.

"அப்படியானால் என்ன செய்வது?" என்றார், சற்றுக் கோபமாகவே.

"ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவை உட்கார வைத்துப் பாபநாசம் வரையில் போய் வாருங்கள் ஸார். போக வரச் சுமார் முப்பது கிலோ மீட்டர். எஞ்சினுக்கு அதுவே மருந்து" என்றார் மெக்கானிக்.

மாமியார் அடுக்களையிலிருந்து, "மருந்து எஞ்சினுக்கா, எனக்கா?" என்று கேட்டார். ஆறு மாதமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறிடம் பார்க்காதவர் அவர்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன் ஆசனத்தில் அமர்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, வயல்களைப் பார்த்துக்கொண்டு போகிறார். மைத்துனர் வெள்ளிக்கிழமை தோறும், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் அடங்கிய பிறகு கம்பியை உருவித் துடைத்துப் பார்த்து, "எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது, அத்தான்" என்று நமக்குச் செய்தி அனுப்புகிறார்.

சமாசாரம் சித்தப்பாவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. போன வாரம் கூப்பிட்டார். கோயமுத்தூரில் உத்தியோகம் பார்க்கும் பேத்திக்கு ஒரு பழைய மோட்டார் வாங்க வேண்டுமாம். நாம்தான் வந்து பார்த்துத் தர வேண்டுமாம். நமக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. "அவசியம் வருகிறோம், சித்தப்பா" என்றோம்.

"வா, தம்பி. அந்த மெக்கானிக் பையனையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். சற்றுப் பொறுத்து, "அவனுக்கு வேலை இருந்தால், அவன் ஒழிகிற நாளாகப் பார்த்து வா" என்றும் சொன்னார்.