பொத்தானை அழுத்தினால் கூடம் வளரும்!

ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் போனால் பாலைவனமே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அத்தனையும் வீடுகள். சக்கரம் வைத்த வீடுகள்! கோடையில் சில ஆயிரம் பேர் மட்டுமே இருக்கும் இந்தச் சிற்றூரைச் சுற்றிக் குளிர்காலத்தில் மோட்டார்ஹோம்கள் வந்து குவிந்துவிடுகின்றன. ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்கலாம். தண்ணீர் பிடிக்கக் குழாய் உண்டு, கழிவைக் கொட்ட இடம் உண்டு. கரண்ட் கிடையாது; கூரைமேல் சோலார் பலகைதான். வந்திருப்பவர்களில் பலருக்கு வேறு வீடே இல்லை. வருடம் முழுக்க வண்டிதான் குடித்தனம். உள்ளே எப்படித்தான் வாழ்கிறார்கள்? வாங்க, எட்டிப் பார்த்துவிடலாம்!

வண்டி நின்றதும் முதல் வேலை, ஜாக்கி இறக்கி மட்டம் பார்ப்பது. யாருக்காக? ஃபிரிட்ஜுக்காக! பல வண்டிகளின் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸரே இல்லை. கேஸில் எரியும் ஒரு சின்னச் சுடர்தான் அதை ஓட்டுகிறது. சுடரின் சூட்டில் கரைசலிலிருந்து அம்மோனியா பிரிகிறது. பின்னர் ஆறித் திரவமாகிறது. மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நெருப்பு மூட்டி ஐஸ்கட்டி செய்கிறார்கள் ஐயா! 1922இல் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்த வித்தை இது. உள்ளே ஓடும் திரவம் தன் எடையால் தானாகவே வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்தபடி வெகுநேரம் நின்றால் ஃபிரிட்ஜ் பாழ்.

மட்டம் சரியாகிவிட்டதா? இப்போது அந்தப் பொத்தான்! சாலையில் எட்டரை அடி அகலத்துக்குள் அடங்கி வந்த வண்டியின் பக்கச் சுவர், சோபாவும் ஜன்னலுமாக அப்படியே மேசை டிராயர்போல வெளியே நகர்கிறது. கண்ணெதிரே கூடம் வளர்கிறது. ஓட்டுநர் இருக்கையைத் திருப்பினால் அது சாய்வு நாற்காலி. கட்டிலைத் தூக்கினால் அடியில் குளிர்காலத் துணிமணிகள்.

ஆனால் நான் சொக்கிப்போவது வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துத்தான். அங்கே மூன்று தொட்டிகள் இருக்கின்றன: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. கடைசித் தொட்டிக்குக் கறுப்பு, அதற்கு முந்தையதற்குச் சாம்பல் என்று பெயர். பெரிய வண்டியிலேயே நல்ல தண்ணீர் 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டர்தான். அதனால் குளியல் இப்படி: உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, முடிந்தது.

கழிவு கொட்டும் நாளில் கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று அங்குலக் குழாயைப் பொருத்தி, முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்கிறார்கள். அப்புறம்தான் சாம்பல். அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிட வேண்டுமே! வரிசை மாறவே கூடாது. இதையெல்லாம் சொல்லக் கூச்சம் எதற்கு? நகரத்தில் நாம் குழாயைத் திறக்கிறோம், ஃபிளஷை அழுத்துகிறோம். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இவர்களுக்கோ ஒவ்வொரு டம்ளரின் போக்கும் தெரியும். கண்ணாடிக்கு வெளியே தெரியும் மலையைவிட இந்த அறிவுதான் எனக்குப் பேரழகு.

சரி, தபால் எங்கே வரும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்! ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம், உறுப்பினர்களுக்கு டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் முகவரி கொடுக்கிறது. அங்கே சேரும் கடிதங்களைக் கட்டி, அவரவர் அந்த வாரம் எங்கே நிற்கிறார்களோ அங்கே அனுப்பிவைக்கிறது. அதே லிவிங்ஸ்டனில் அந்த அமைப்பினர் இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு மிக மிகப் பிடித்தது. ஸ்டியரிங் பிடிக்க முடியாதபடி வயதாகி, உடம்பு தளர்ந்தவர்களுக்காக ஒரு பராமரிப்பு மையம் அமைத்தார்கள். சாப்பாடும் கவனிப்பும் மையத்தில். தூக்கம் மட்டும் வாசலில் நிறுத்திய சொந்த வண்டியில், பழகிய அதே கட்டிலில்!