பழைய வீட்டுக்குப் புது முகம்

"மாமா, நீங்களே சொல்லுங்கள். இது வீடா? ரயில் பெட்டி மாதிரி இல்லை?"

என் தம்பி மகனின் மனைவி இப்படிக் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தெருவில் நின்று பார்த்தால் அந்த வீடு நீளமாகப் படுத்துக் கிடந்தது. மாடி இல்லை. கூரை தாழ்வாக இருந்தது. பெயிண்டு உரிந்து தொங்கியது. வாசல் கதவைப் புதர் மறைத்திருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சன்னிவேல் என்று ஒரு நகரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த ஊர். அங்கே 1957-ல் கட்டிய வீட்டைத்தான் அவர்கள் வாங்கியிருந்தார்கள். கணவன், மனைவி இருவர் சம்பளத்திலும் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. கையில் மிச்சம் இருந்த பணத்தில் வீட்டின் வெளிப்புறத்தைச் சீர் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதில் இருவருக்கும் தகராறு. நான் விருந்தாளியாகப் போன நேரத்தில் அது முற்றியிருந்தது.

மருமகள் ஒரு காண்டிராக்டரை அழைத்து வந்தாள். அவர் வர்ணப்படம் போட்டே கொண்டுவந்துவிட்டார். வாசலில் உயரமான முக்கோண முகப்பு. நான்கு தூண்கள். சுவர் முழுவதும் கல் மாதிரித் தகடு. மற்றதெல்லாம் வெள்ளை, ஜன்னல் சட்டம் மட்டும் கறுப்பு. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

தம்பி மகன் சம்மதிக்கவில்லை. "இந்த வீட்டை வாங்கியதே இதன் அடக்கத்தைப் பார்த்துத்தான் பெரியப்பா! மாடிப்படி ஏறாமல் அம்மா நடமாடலாம் என்றுதான் வாங்கினேன். கையில் இருப்பதைத் தூணுக்குச் செலவழித்துவிட்டால், நாளைக்கு ஒரு குழாய் வெடித்தால் என்ன செய்வது?" என்றான்.

மாட்டுக்காரர் வீடு

இந்த மாதிரி வீட்டுக்கு அங்கே "ராஞ்ச் வீடு" என்று பெயர். ராஞ்ச் என்றால் மாட்டுப் பண்ணை.

கலிபோர்னியா முதலில் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. பிறகு மெக்சிகோவிடம் இருந்தது. 1848-ல்தான் அமெரிக்காவுக்குப் போயிற்று. மெக்சிகோ காலத்தில் அங்கே பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள் இருந்தன. தோலும் கொழுப்பும்தான் வியாபாரம். பண்ணைக்காரர்கள் வெயிலில் காயவைத்த மண் கல்லால் வீடு கட்டினார்கள். ஒரே தளம். நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்த வடிவத்தை இந்தக் காலத்து மனிதருக்கு ஏற்ப மாற்றித் தந்தவர் கிளிப் மே. சான்டியாகோ நகரத்துக்காரர். 1909-ல் பிறந்தவர். முறைப்படி கட்டடக் கலை படித்தவர் அல்ல. சாக்ஸபோன் வாசித்தார். நாற்காலி மேஜை செய்தார். 1930-களின் தொடக்கத்தில் வீடு கட்ட ஆரம்பித்தார். 1946-ல் "சன்செட்" பத்திரிகைக்காரர்கள் அவரோடு சேர்ந்து ராஞ்ச் வீடுகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்கள்.

அதற்கு முந்திய ஆண்டுதான் இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள். குடியிருக்க வீடு இல்லை. 1944-ல் வந்த சட்டத்தின்படி அவர்களுக்குச் சுலபமாக வீட்டுக் கடன் கிடைத்தது. நகரத்துக்கு வெளியே நிலம் மலிவாக இருந்தது. போய்வரக் கார் இருந்தது. ஆகவே அகலமான மனைகளில் வரிசை வரிசையாக ராஞ்ச் வீடுகள் எழும்பின. கார் ஷெட்டு வீட்டோடு ஒட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றது.

சன்னிவேல் பக்கத்தில் ஜோசப் ஐக்ளர் என்ற வீட்டு வியாபாரியின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் வெண்ணெய், முட்டை வியாபாரத்தில் இருந்தவர். பின்பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர் வைத்துச் சுமார் 11 ஆயிரம் வீடுகள் கட்டினார். அந்தக் காலத்தில் அங்கே பல தெருக்களில் வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்க மாட்டார்கள். ஐக்ளர் நிறம் பார்க்காமல் விற்றார். வீடு கட்டுவோர் சங்கம் அதற்கு ஒத்துவராததால், 1958-ல் அந்தச் சங்கத்தையே விட்டு விலகினார். என் தம்பி மகன் வீடு அவர் கட்டியது அல்ல. ஆனால் இந்தக் கதையை அவன் பெருமையோடு சொன்னான்.

முதிய தச்சர் வந்தார்

அடுத்த வீட்டு அம்மாள் ஒரு தச்சரை அனுப்பி வைத்தாள். மெக்சிகோவில் பிறந்த முதியவர். அவர் படம் எதுவும் கொண்டுவரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். பத்து நிமிஷம் வீட்டையே பார்த்தார். பிறகு, "முதலில் புதரை வெட்டுங்கள். சுவரைக் கழுவுங்கள். அப்புறம் பேசலாம்" என்றார்.

புதரை வெட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னலின் பாதி ஒளிந்திருந்தது! ஜன்னலுக்குக் கீழே இடுப்பளவு செங்கல் சுவர் ஒன்றும் வெளிப்பட்டது. சிவப்பும் பழுப்பும் கலந்த நல்ல செங்கல். வீடு வாங்கி ஒரு வருஷம் ஆகியும் மருமகள் அதைச் சரியாகப் பார்த்தது இல்லை.

தச்சர் சொன்ன விஷயம் எனக்குப் பிடித்தது. இந்த வீட்டின் அழகு அதன் நீளத்தில் இருக்கிறது. கூரைக் கோடு, ஜன்னல் கோடு, பலகைக் கோடு, செங்கல் வரிசை எல்லாம் படுக்கை வசமாக ஓடுகின்றன. நடுவில் ஒரு உயரமான முகப்பை நிறுத்தினால் அந்தக் கோடு அறுந்துபோகும். வேட்டி கட்டியவருக்குத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். (தொப்பி உவமை என்னுடையது.)

அதோடு இன்னொன்று. கூரை, சுவரைத் தாண்டி இரண்டு அடிக்கு மேல் வெளியே நீண்டிருந்தது. வீட்டின் முகப்பு தெற்குப் பார்த்தது. கோடையில் சூரியன் உச்சிக்குப் போகும்போது அந்த நீட்டல் ஜன்னலுக்கு நிழல் தரும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வரும்போது வெயில் உள்ளே நுழைந்து அறையைச் சூடாக்கும். புது முகப்புக்காக அதை வெட்டியிருந்தால் கோடையில் கரண்டுச் செலவு ஏறியிருக்கும்.

பெயிண்டில் விஷம்

வேலை ஆரம்பமாகிற நாள் வந்தது. தம்பி மகன் ஆர்வத்தில் ஒரு சுரண்டியை எடுத்து ஜன்னல் சட்டத்தைச் சுரண்டப் போனான். தச்சர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் வீடுகளுக்குப் பூசும் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதை 1978-ல் தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீட்டில் அடிப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பூச்சு நன்றாக ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உரிந்தாலும், சுரண்டித் தூளாக்கினாலும் ஆபத்து. ஈயத் தூள் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். "இவ்வளவு போனால் பரவாயில்லை" என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறார்கள் டாக்டர்கள்.

அந்த வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருந்தான். அவன் விளையாடுவது அந்த ஜன்னலுக்குக் கீழே உள்ள மண்ணில்தான். அன்று காலையில்கூட அவன் கையில் இருந்த பெயிண்டுச் செதிலை நான்தான் பிடுங்கி எறிந்தேன். அப்போது எனக்கு விவரம் தெரியாது.

பெயிண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஈயம் இருந்தது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. தூணைப் பற்றியும் முகப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் மறுபடி பேச்சுக் குரல் கேட்டது.

கூலிக்கு வேலை செய்பவர்கள் 1978-க்கு முந்திய வீட்டுப் பெயிண்டைக் கலைப்பதானால், அதற்குப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 2010-ல் இருந்து இது அங்கே சட்டம். தச்சரிடம் சான்றிதழ் இருந்தது. தரையில் பிளாஸ்டிக் விரித்தார். சுவரை ஈரமாக்கிக்கொண்டே சுரண்டினார். நெருப்புக் குழாயால் சுடவில்லை. தூளைச் சாதாரணத் துடைப்பத்தால் பெருக்கவும் இல்லை. அதற்கென்று நுண்ணிய வடிகட்டி வைத்த உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது. குழந்தையும் தாயும் ஒரு வாரம் தெரிந்தவர் வீட்டில் இருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே மேல் மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போட்டார்கள்.

அந்தக் காலத்துச் சுவர்த் தகடுகளில் கல்நாரும் உண்டு. எதிர் வீட்டில் அது இருந்தது. உடையாமல் இருந்தால் அதைத் தொடாமல் விட்டு, மேலே பெயிண்டு அடிப்பதே நல்லது. அறுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து.

செங்கல்லுக்கு வெள்ளையா?

மருமகள் செங்கல் சுவருக்கு வெள்ளைப் பெயிண்டு அடிக்க ஆசைப்பட்டாள். அங்கே சில ஆண்டுகளாக அது ஒரு மோகம். தச்சர் வேண்டாம் என்றார். செங்கல் ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். பெயிண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொரிந்து உரியும். பனி உறையும் ஊர்களில் செங்கல்லே வெடித்துப்போகும். ஒரு தடவை அடித்துவிட்டால் பழைய செங்கல்லைத் திரும்பப் பார்ப்பது கஷ்டம். கட்டாயம் வெள்ளையாக வேண்டுமானால் சுண்ணாம்பு அடிக்கலாம், அது மூச்சு விடும் என்றார். சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்ததும், "மாமா, செங்கல்லே இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டாள்.

ஜன்னலின் இரண்டு பக்கமும் மரக் கதவுகள் இருந்தன. அவற்றை மூட முடியாது! ஆணியடித்துச் சுவரோடு வைத்தவை. மூடினாலும் ஜன்னலில் பாதிகூட மறையாது. வெறும் அலங்காரம். அவற்றைக் கழற்றியதும் ஜன்னல் அகலமாகத் தெரிந்தது. செலவு ஒன்றும் இல்லை.

கார் ஷெட்டுக் கதவுதான் முகப்பிலேயே பெரிய பொருள். முன்பு இருந்தவர் யாரோ அரண்மனைக் கதவு மாதிரி வளைவுகள் போட்ட ஒன்றை மாட்டியிருந்தார். அதை எடுத்துவிட்டுப் படுக்கை வசமாகக் கோடு ஓடும் சாதாரணக் கதவு போட்டார்கள். பலகைச் சுவருக்குக் கரும்பச்சை. கூரை விளிம்புக்கு அதைவிடச் சற்று வெளிறிய நிறம்.

கூரையில் முதலில் தேவதாரு மரச் சில்லுகள் இருந்தனவாம். பார்க்க அழகு. ஆனால் தீப்பொறி விழுந்தால் போயிற்று. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலைப் பகுதியில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. தீ வேகமாகப் பரவ மரக் கூரைகளும் ஒரு காரணம். இந்த வீட்டில் முன்பு இருந்தவர்களே மரத்தை எடுத்துவிட்டுத் தீப்பிடிக்காத ஓட்டுத் தகடு போட்டிருந்தார்கள். பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் அதை மறுபடி மரமாக மாற்றக் கூடாது.

வாசல் புல்தரையையும் எடுத்தார்கள். கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம் அடிக்கடி வரும். 2015-ல் நகரங்களின் தண்ணீர்ச் செலவைக் கால் பங்கு குறைக்கும்படி கவர்னரே உத்தரவு போட்டார். புல்லுக்குப் பதிலாக அந்த மண்ணில் தானாக வளரும் குட்டைச் செடிகளை வைத்தார்கள். ஜன்னலுக்கு மேலே வளராத செடிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் மருமகள்.

இடிப்பவர்கள்

அந்த வட்டாரத்தில் மண்ணின் விலை மிக அதிகம். வீட்டைவிட மனைக்கே மதிப்பு. ஆகவே வாங்கியதும் இடித்துவிட்டு, மனையை அடைத்து இரண்டு மாடி கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய குடும்பம் என்றால் இடம் வேண்டும்தானே? ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடி அறைக்குள் மாடியில் இருந்து எட்டிப் பார்க்கலாம் என்றால் யாருக்குப் பிடிக்கும்? இதனால் சன்னிவேல், பாலோ ஆல்டோ நகரங்களில் சில பகுதிகளில் ஒரே தளம்தான் கட்டலாம் என்று விதி வந்துவிட்டது. குடியிருப்பவர்களே கேட்டு வாங்கிய விதி. ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் ராஞ்ச் வீடுகளை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். நேற்றுக் கட்டியது போலத் தோன்றிய வீடுகளுக்கு இப்போது சரித்திர மதிப்பு வந்திருக்கிறது!

மருமகள் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசல் கதவு மஞ்சளாக இருக்க வேண்டும் என்றாள். மங்கலமாக இருக்குமாம். தம்பி மகன் தயங்கினான். தச்சர் தலையாட்டினார். கரும்பச்சை வீட்டில் மஞ்சள் கதவு தெருக்கோடியில் இருந்தே தெரிகிறது.

மொத்தச் செலவு, அந்தக் காண்டிராக்டர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. ஜன்னல் வேலை மட்டும் பாக்கி. பழைய ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட வேண்டும். சட்டத்தின் அளவு மாறக் கூடாது என்று தச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷம் வரை பணம் சேர்க்க வேண்டும்.