ஒரு பரிசலில் இரண்டு உயிர்கள்

அந்தி சாயும் வேளை. சேலம் மாவட்டம் பண்ணவாடி பரிசல் துறையில் நாங்கள் நின்றிருந்தோம். மேட்டூர் அணையின் விரிந்த நீர்ப்பரப்பில் ஒரு பரிசல் கரையை விட்டு மெல்ல விலகியது. மனைவி முன்னால் குந்தி அமர்ந்து துடுப்புப் போட, கணவர் பின்னால் இருந்து வலையைச் சிறிது சிறிதாக நீரில் இறக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே பேச்சில்லை. வலையின் இழுவையைக் கண்டே அவர் துடுப்பின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார்.

1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் வெகுவாக வற்றும் காலங்களில் இதே பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அவற்றைக் காணப் பலரும் வருவர். மீனவருக்கோ அவை வலை சிக்கும் இடங்கள். நீருக்கடியில் மூழ்கிய சுவர், பாறை, மரத்தூர் ஆகியவை எங்கெங்கு உள்ளன என்பதை அறிந்தவரே இங்கு தொழில் செய்ய இயலும்.

இத்தகைய நீருக்குப் பரிசலைவிடப் பொருத்தமான கலம் அரிது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் உறுதியான தாள் போர்த்தி, தார் பூசி அதனைச் செய்கின்றனர். முற்காலத்தில் தோல் போர்த்தினர். இப்போது ஃபைபர் பரிசல்களும் பரவலாகிவிட்டன. அடி தட்டையாக இருப்பதால் ஆழமற்ற நீரிலும் மிதக்கும். ஒரே ஆள் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். ஆனால் முன்பக்கம், பின்பக்கம் என்பது அதற்குக் கிடையாது. துடுப்பைத் தவறாகப் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். பலத்த காற்றில் அலை எழுந்தால் அதனைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே எடையைப் பரிசல் முழுவதும் சமமாகப் பரப்பி அமர்வதே முதற்பாடம். வலையை இறக்கும்போதும் ஏற்றும்போதும் இருவரும் ஒரே பக்கம் சாய்வது ஆபத்து.

வலை விரிப்பதிலும் நுட்பம் உண்டு. இங்கு பெரிதும் பயன்படுவது செவுள் வலை. மேல்கயிற்றில் மிதவைகளும் கீழே எடைகளும் கட்டப்பட்டிருப்பதால் அது நீருக்குள் திரைபோல் நிற்கும். பகலில் மீன் நைலான் இழையைக் கண்டு விலகிவிடக்கூடும் என்பதால், மாலையில் விரித்து விடியலில் எடுக்கின்றனர். தலையை நுழைத்த மீன் பின்வாங்கும்போது செவுள் இழையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வலைக்கண்ணின் அளவே எந்த மீன் அகப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கண் சிறியதாக இருந்தால் இன்று மீன் மிகுதியாகக் கிடைப்பதுபோல் தோன்றும். அது தோற்றமே. கட்லா, ரோகு போன்ற மீன்கள் இனப்பெருக்கத்திற்கு ஓடும் நீரை நாடுபவை. தேங்கிய நீரில் அவை பெருகுவது அரிது என்பதால், குஞ்சுகளை வளர்த்து நீர்த்தேக்கங்களில் விடுகின்றனர். நல்ல இரையும் இடமும் கிடைத்தால் கட்லா ஓராண்டில் ஒரு கிலோ அளவுக்கு வளரக்கூடியது. கையளவுக் குஞ்சைப் பிடித்து விற்பவர், முதிர்வதற்கு முன்பே வைப்புத்தொகையை முறிப்பவருக்கு ஒப்பானவர்.

நாங்கள் சந்தித்த தம்பதியருக்கு வலை பழையது, இழை இற்றுவிட்டது. புதியது வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றால், பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டியிருக்கும். வெளியில் கடன் வாங்கினால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200 ரூபாய் வட்டி மட்டுமே ஆகும். அதே தொகைக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 233 ரூபாய்தான்.

விவசாயக் கடன் அட்டை வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையில் மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. மீன்பிடி உரிமம் பெற்ற உள்நாட்டு மீனவர் தமது நடைமுறைச் செலவுகளுக்கு இதனை நாடலாம். 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 7 சதவீத வட்டியும், உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதச் சலுகையும் எனத் திட்டம் வகுக்கப்பட்டது. பரிசல் போன்ற நீடித்த சொத்துகளுக்குத் தவணைக் கடன் உண்டு. தற்போதைய வரம்புகளைக் கிளையில் கேட்டறிக. நீர்வரத்தைப் பொறுத்து மீன்வரத்து மாறுவதால், வருமானம் குறையும் மாதங்கள் எவையென விண்ணப்பிக்கும்போதே சொல்லித் தவணைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நன்று.

கடனைப் பற்றிப் பேசி முடித்தபின் அந்தப் பெண்மணி சொன்னது எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை: "ரெண்டு பேரும் ஒரே பரிசல்ல போறோம். காத்து எந்திரிச்சா, ஊட்ல இருக்கற புள்ளைங்க நெனப்புதான் மொதல்ல வரும்."

அவர்கள் பரிசலில் உயிர்காப்பு உடை இல்லை. வலைக்குச் செலவிடும் தொகையில் சிறு பகுதி போதும், இரண்டு உடைகளை வாங்கிவிடலாம். அதனைக் கடன் மதிப்பீட்டிலேயே சேர்க்குமாறு கேட்கலாம்.

அடுத்தது காப்பீடு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்; 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். ஜீவன் ஜோதி திட்டத்தில் 436 ரூபாய்க்கு, எக்காரணத்தால் நேர்ந்த மரணத்திற்கும் 2 லட்சம் ரூபாய். சேரும் வயது 18 முதல் 50 வரை. கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் கணவனும் மனைவியும் தனித்தனியே சேர வேண்டும்; ஒருவருக்கான பிரீமியம் இருவரையும் காக்காது. இத்திட்டங்களின் ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்குவதால், மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு இருத்தல் அவசியம். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், மீனவர் பங்களிப்பின்றியே 5 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு வழி செய்யப்பட்டது. தம் பெயர் அதில் பதிவாகியுள்ளதா என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுதி செய்துகொள்க.

இறுதியாக, பலரும் கவனியாத ஒன்று. கணவர் மனைவியையும், மனைவி கணவரையும் வாரிசுதாரராக நியமிப்பதே வழக்கம். ஒரே பரிசலில் செல்லும் இருவருக்கு இது போதாது. ஒரே விபத்தில் இருவருக்கும் தீங்கு நேர்ந்தால், பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுச் சான்றுகளைத் தேடி அலைய நேரிடும். பிள்ளையின் பெயரை நியமித்து, அவர் சிறார் எனில் நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரைக் காப்பாளராகக் குறிப்பிட்டால், அந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

மறுநாள் விடியலில் அவர்களது பரிசல் கரை சேர்ந்தது. கூடையில் ஜிலேபி மீன்களும் இரண்டு கட்லாவும் இருந்தன. மீனை நிறுத்துக் கொடுத்தபின், தங்கள் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து, வாரிசுதாரர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண்மணி கேட்டார். நம் வாசகர்களும் இன்று ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.